நாற்பது சதவீதக் கை

லோடு வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. எங்கள் புளி மூட்டைகள் ரோடு நெடுக உருண்டிருந்தன. நான் ரோட்டோரம் உட்கார்ந்து, கலைந்த முந்தானையை வலது கையால் இழுத்துவிடப் பார்த்தேன். கை வரவில்லை. மேல்கை வீங்கி வளைந்திருந்தது. சரி, எலும்பு உடைந்திருக்கும் என்று புரிந்தது. ஆனால் மணிக்கட்டு ஏன் தொங்குகிறது? அங்கே ஒரு கீறல்கூட இல்லையே. தூக்கு என்று மனதுக்குள் சொன்னேன். விரல்கள் தரையைப் பார்த்தபடியே இருந்தன.

பெரிய வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது குழப்பம். அது இன்றுவரை போகவில்லை.

விபத்தில் அடிபட்டு, ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு பக்கம் கோர்ட்டுக்கும் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாம் தெளிந்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஜவ்வாது மலைக்காரி. மலையிலேயே விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தேன். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இப்போது மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. அச்சில் அது தெரியாது என்பது ஒரு நிம்மதி.

அன்று பங்குனி மாதம். எங்கள் மரத்துப் புளியை மலையடிவாரத்துச் சந்தவாசல் ஊரில் விற்பதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்கினேன். அவர் வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை. அவருக்கும் அடி. சரக்குக்குச் சொந்தக்காரியாகப் போனதால் வழக்கு நிற்கும் என்று வக்கீல் பின்னால் சொன்னார். லோடு வண்டியில் சும்மா ஏறிப் போயிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்திருக்குமாம். அப்படிப் பார்த்தால் என் புளிதான் என்னைக் காப்பாற்றியது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மேல்கை எலும்புக்குத் தகடு வைத்துத் திருகு போட்டார்கள். எலும்பு சேர்ந்துவிடும் என்றார்கள். சிக்கல் ரேடியல் நரம்பில் (மேல்கை எலும்பைச் சுற்றி இறங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குப் போகிற நரம்பு). டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். பேச்சில் மிச்சம் வைக்காதவர்.

"நரம்பு அறுந்து போகலம்மா. நசுங்கியிருக்கு. தானா வரலாம்."

"வராம போய்ட்டா?"

"வரலாம்னு சொல்றேன். வரும்னு சொல்லல."

"எவ்ளோ நாளுங்க ஆவும்?"

"ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் மூட்டு இறுகிப் போகாம பாத்துக்கறது உங்க வேலை."

வேலை என்றால் இதுதான்: மேசை விளிம்பில் முன்கையை வைத்து மணிக்கட்டைத் தொங்கவிட வேண்டும். இடது கையால் அதைத் தூக்கிவிட்டு, அங்கேயே நிற்கச் சொல்லி மனதால் கட்டளை போட வேண்டும். அது நிற்காது. தொப்பென்று விழும். மறுபடி தூக்க வேண்டும். ஒரு வேளைக்கு முப்பது தடவை, ஒரு நாளைக்கு நான்கு வேளை. நான் கொடுத்த கட்டளைகளுக்கு ஒரு பட்டாளமே எழுந்து நின்றிருக்கும்.

வைகாசியில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். மகள் கல்லூரிக்குப் போக வேண்டிய வருஷம் அது. என் கை வராமலே போனால் எங்கள் கொல்லையில் (பயிர் நிலத்தை மலையில் கொல்லை என்போம்) ஒரு ஆள் நிரந்தரமாகக் குறையும். பணம் வேண்டாம் என்று பெருமை பேசுகிற நிலையில் நாங்கள் இல்லை.

புரட்டாசியில் கோர்ட்டிலிருந்து மருத்துவ வாரியத்துக்கு (ஊனம் எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சான்று கொடுக்கும் டாக்டர்கள் குழு) அனுப்பினார்கள். ஊனம் என்கிற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் அன்றுதான் முதலில் பார்த்தேன். நடையில் இருந்த பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் கோணத்தை அளக்கிற ஒரு கருவியை என் மணிக்கட்டில் வைத்து, "தூக்குங்க" என்றார். தூக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது சதவீதம் என்று சான்றில் எழுதினார்கள்.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் அண்ணாமலை அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ மிச்சம் அறுவது எங்க கீது?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

இதில் இரண்டு கணக்கு உண்டு என்று வக்கீல் எனக்கு விளக்கினார். கைக்கு எவ்வளவு ஊனம் என்பது ஒன்று. அதனால் என் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பது இன்னொன்று. கோர்ட் இரண்டாவதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். ஒரு பாட்டுக்காரருக்கு மணிக்கட்டு தொங்கினால் நஷ்டம் குறைவு, அறுவாள் பிடிக்கிறவளுக்கு அதிகம் என்றார். இது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும்தான் கெடுத்தேன்.

எங்கள் ஊரில் சாமை அறுப்புக்குக் கூலி ஆள் வைப்பதில்லை. யார் கொல்லை முற்றியதோ அங்கே வீட்டுக்கு ஒருவர் அறுவாளோடு வந்து இறங்குவார்கள். கூழும் குழம்பும் கொல்லைக்காரர் பொறுப்பு. அடுத்த நாள் அடுத்த கொல்லை. கூலி கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் முகம் சுருங்கிவிடும். போன வருஷம் நான் ஏழு கொல்லையில் அறுத்திருந்தேன். அதனால் இந்த ஐப்பசியில் என் கொல்லையில் பன்னிரண்டு பேர் இறங்கினபோது உதவி வாங்குகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. என் வேலைதான் எனக்குத் திரும்பி வருகிறது என்று நினைத்தேன். தொங்குகிற கையை வைத்துக்கொண்டு இடது கையால் கூழ் ஊற்றினேன். மற்றவர்கள் கொல்லைக்கு இந்த முறை என்னால் போக முடியவில்லையே என்ற உறுத்தல் மட்டும் இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை. குளிருக்காக அடுப்புப் பக்கம் கையை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பழக்கத்தில் தூக்கு என்று சொன்னேன். மணிக்கட்டு ஒரு விரற்கடை எழுந்தது. விழுந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி எழுந்தது. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துக் கழியோடு ஓடிவந்தார். காட்டினேன். கழியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது பார்த்தது அன்றுதான்.

அன்றே வக்கீலுக்கும் போன் செய்தேன். நல்ல சேதியை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோர்ட்டு முடியற வரைக்கும் கைய ரொம்ப காட்டிக்காதீங்க."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை நான் எடுத்துக்கொண்ட விதம்தான் தப்பு. கை நன்றாகிவிட்டால் வழக்கு போய்விடும் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. பயிற்சியை நிறுத்தினேன். பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அப்படியே இருந்தேன். வலி என்று வீட்டில் பொய் சொன்னேன். மூன்று வாரம். எட்டு மாதம் எழுந்திரு எழுந்திரு என்று கெஞ்சிய கையை, எழுந்ததும் படு என்று அமுக்கினேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களில் யாராவது இந்த நிமிஷம் அதையேதான் செய்துகொண்டிருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அடுத்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தச் சின்ன வயது டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து வளைத்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"பயிற்சி செஞ்சீங்களா?"

"செஞ்சேங்க."

"இல்ல. செய்யல. மூட்டு இறுகியிருக்கு. ஏன்?"

சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார்.

"எனக்குக் கேஸ் பத்தித் தெரியாதும்மா. நரம்பு அவ்ளோ தூரம் வளர்ந்து வந்து நிக்குது. மூட்டு இறுகிட்டா அது வந்தும் பிரயோஜனம் இல்ல. கோர்ட்டுல குடுக்கற பணம் இந்தக் கைய வாங்கித் தருமா?"

தராது. ஆனால் இந்தக் கை மகளின் படிப்பை வாங்கித் தருமா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சியைத் தொடங்கினேன். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தேன். வெளியே யாராவது, அதுவும் மலைக்குக் கீழேயிருந்து பேண்ட் போட்ட கீழ்நாட்டு ஆள் யாராவது வந்தால், இன்சூரன்ஸ்காரரோ என்ற பயத்தில் கை தானாகத் தொங்கிவிடும். நான் தொங்கவிடுகிறேனா அது தொங்குகிறதா என்று எனக்கே தெரியாமல் போனது அப்போதுதான்.

மாசியில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். என் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர், குரலே உயரவில்லை.

"போன ஐப்பசியில உங்க நிலத்துல சாமை அறுவடை ஆச்சா?"

"ஆச்சுங்க."

"எப்பவும் போல விளைச்சலா?"

"எப்பவும் போலதாங்க."

"கூலிக்கு ஆள் வெச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "இல்லீங்க. எங்க ஊர்ல சாமைக்கு யாரும் கூலி ஆள் வெக்க மாட்டோம்."

"அப்போ உங்க நிலத்த நீங்களேதான் அறுத்துக்கிட்டீங்க?"

ஒரு நொடி யோசித்தேன். ஏழு கொல்லையில் நான் வேர்வை சிந்தி வைத்திருந்த வேலைதான் அது. அடுத்தவர் தயவில் அறுத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"ஆமாங்க," என்றேன்.

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அண்ணாமலை மட்டும் கேட்டார்: "ஊருக்கே மனு எழுதறவ நீ. இங்க போய் இன்னாத்துக்கு 'ஆமா'ன்ன?" நான் நடந்ததைத்தான் சொன்னேன் என்றேன். "நீயா அறுத்த?" என்றார். இல்லை. ஆனால் ஆமாம். இதை அவருக்கே விளக்க முடியவில்லை, ஜட்ஜுக்கு எங்கே விளக்குவது?

வக்கீல் சொன்ன வழி ஒன்றுதான். என் கொல்லையில் அறுத்தவர்களில் ஒருவர் வந்து, இவளால் முடியவில்லை, நாங்கள்தான் கூலி வாங்காமல் அறுத்தோம் என்று சாட்சி சொல்ல வேண்டும். பக்கத்துக் கொல்லை குப்பு அக்காவிடம் போனேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உன்னால ஆவலன்னு நான் கோர்ட்டுல சொல்லணுமா?"

"ஆமாக்கா."

"சொல்லிட்டு வந்து, ஐப்பசியில எங்க கொல்லைக்கு வான்னு நான் எப்டிடி கூப்புடுவேன்?"

எங்கள் ஊரில் முடியாதவர்கள் கொல்லைக்கும் எல்லோரும் போவார்கள். ஆனால் அவர்களைத் தங்கள் கொல்லைக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அவர்களுக்குச் சங்கடம் என்று விட்டுவிடுவார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அந்தக் கணக்கில் நானும் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம், வழக்கு தோற்றுவிடுமோ என்ற பயத்தைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. பணமும் வேண்டும், ஊர் என்னைக் கூப்பிடவும் வேண்டும். இரண்டும் கேட்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். எனக்கே வந்தது.

குப்பு அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எந்த பஸ்ஸுக்குப் போணும்?" என்று கேட்டாள்.

கூண்டில் அவள் நின்றதைப் பார்க்க வேண்டும். கொல்லைக்கு வந்த மாட்டை விரட்டப் போகிறவள் மாதிரி நின்றாள்.

"இவங்க நிலத்துல யார் அறுத்தது?"

"நாங்க பன்னெண்டு பேரு."

"இவங்க?"

"கைய தொங்க போட்டுக்குனு கூழு ஊத்துனா. அறுக்கல."

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். "கூலி வாங்காம ஏன் செஞ்சீங்க? பாவம்னா?"

"பாவமா? இன்னாங்க பேசறீங்க? அவ எனக்கு வருவா, நான் அவளுக்குப் போவேன்."

"வர்ற ஐப்பசிக்கு உங்க நிலத்துக்கு வருவாங்களா?"

"வருவா."

"அறுப்பாங்களா?"

"அத அப்ப பாத்துக்கலாம். ஆனா வருவா."

எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. என் வக்கீலுக்கும் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. மனுதாரர் வரும் அறுவடைக்குப் போவார் என்று அவர் சாட்சியே சொல்கிறார், ஆகவே கை தேறியிருக்கிறது, மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள். இரண்டாவது முறையாக மருத்துவ வாரியத்துக்குப் போகச் சொல்லி உத்தரவானது.

அதற்குள் கை வெகுதூரம் வந்திருந்தது. போதும் நில் என்று கைகாட்டுகிற மாதிரி மணிக்கட்டை நன்றாக நிமிர்த்த முடியும். விரல்கள் மட்டும் முழுசாக விரியாது. அறுவாளை ஐந்து நிமிஷம் பிடிக்கலாம், பிறகு நடுங்கும். இது எத்தனை சதவீதம் என்று எனக்குத் தெரியாது. இருபதா, முப்பதா, அல்லது மழை நாளில் நாற்பதா?

போவதற்கு முன்னால் வக்கீலைக் கேட்டேன், என்ன செய்ய என்று. "பொய் சொல்லாதீங்க. ஆனா மல்லுக்கட்டித் தூக்கவும் வேணாம். வர்ற வரைக்கும் வரட்டும்," என்றார். இதற்கு என்ன அர்த்தம்? வர்ற வரைக்கும் என்றால் எதுவரைக்கும்? என் கை எப்போதுமே மல்லுக்கட்டித்தானே வருகிறது.

அண்ணாமலை, "உனுக்கு இன்னா தோணுதோ செய்யி" என்றார். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. ஐப்பசியில் குப்பு அக்கா கொல்லையில் நான் இறங்குவதாக இருந்தால், அந்த வாரிய அறையிலும் முழுசாகத் தூக்க வேண்டும். ஒரு கையை அங்கே காட்டிவிட்டு இன்னொரு கையோடு கொல்லைக்குப் போக என்னால் ஆகாது. வழக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

ஆவணியில் போனோம். நாலு மணி நேரம் பெஞ்சு. அதே கண்ணாடிக்கார டாக்டர். கருவியை வைத்தார்.

"தூக்குங்க."

என் உயிரையெல்லாம் கூட்டித் தூக்கினேன். மணிக்கட்டு முன்கைக்கு நேராக வந்தது. அதற்கு மேல் கொஞ்சம் நடுங்கியது. விழுந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றார்.

"இல்லீங்க. இன்னும் வரும். வூட்டுல நல்லா மேல வரும்."

"மறுபடி தூக்குங்க."

இந்த முறை நேராகக்கூட வரவில்லை. மூன்றாம் முறை இன்னும் மோசம். "இருங்க சார், காலைலகூட வந்துச்சு," என்றேன். இடது கையால் தூக்கிவிட்டுக் காட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இங்க வர்றவங்க எல்லாம் முடியல முடியலன்னு சொல்வாங்க. நீங்க ஒருத்தர்தான் முடியும்னு சண்டைக்கு வர்றீங்க."

மற்ற இரண்டு டாக்டர்களும் சிரித்தார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை, நல்ல மனதோடுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பயத்தில் கை படுத்துவிட்டதா, பெஞ்சில் உட்கார்ந்து ஓய்ந்துவிட்டதா, அல்லது கீழ்நாட்டு ஆள் முன்னால் தொங்கு என்று நான் பழக்கியதை அது மறக்கவில்லையா? இது நிஜமா நடிப்பா என்று வேறு யாராவது சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சந்தேகப்பட்டது நான். அவர் ஏதோ எண் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கோர்ட்டுக்கு அனுப்புவோம் என்றார். என்ன எண் என்று சொல்லவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. உறைக்குள் இருப்பது ஆவணி மாதத்தில் ஒரு மதியத்துக் கை. தீர்ப்பு எழுதுகிற நாளில் இது வேறு கையாக இருக்கும். கோர்ட் வாய்தாவுக்கு வாய்தா நகர்கிறது, நரம்பு தினம் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. காலையில் எழுந்ததும் இன்று எந்த அளவில் இருக்கிறேன் என்று தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். முன்பெல்லாம் உடம்பு என்றால் நான் என்று நினைத்திருந்தேன். இப்போது அதனிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று திரும்பும்போது பஸ் மலையேறத் தொடங்கியது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் பஸ் சட்டென்று ஒடிக்க, என் வலது கை எழும்பி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. தூக்கு என்று நான் சொல்லவில்லை. மணிக்கட்டு நன்றாக நிமிர்ந்து, இறுக்கமாக நின்றது. வீட்டில் வருவதைவிட உயரமாக.

"இன்னாங்க, பாருங்க, பாருங்க!" என்று அவரை உலுக்கினேன். "எறங்கி ஓடிப் போய் அந்த டாக்டருகிட்ட காட்டிட்டு வந்துடட்டுமா?"

அண்ணாமலை கம்பியையும் கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்க போனா எந்தக் கை வரும்?" என்று கேட்டார்.

கம்பியை விடாமல் ஊர் வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தேன்.